பெயர் எழுதாத முகங்கள்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

    

பத்தாண்டு நிறைவு என்றதும் பழைய நிழற்படங்களைத் தேடுவது இயல்பு. இந்த விழா மலருக்காகவும் படங்கள் திரட்டப்படுவதாக அறிகிறேன். ஆகவே, படம் திரட்டும் பழக்கத்தைப் பற்றியே இன்று பேசலாம் என்று எண்ணினேன். மனிதர் முகங்களைச் சேர்த்து ஏடாகத் தொகுக்கும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் தோன்றி உலகெங்கும் பரவியது. நாம் 'ஆல்பம்' என்று வழங்கும் அந்த ஏடு எதைக் காத்தது, எதை இழந்தது என்பதே என் உரையின் பொருள். இலக்கிய மேடையில் இதற்கு என்ன இடம் என்று சிலர் கருதலாம். இது நம் இலக்கிய மரபையே வந்து தொடுகின்ற செய்தி என்பதை முடிவில் காண்பீர்கள்.

பெயர்ச்சீட்டில் வந்தமர்ந்த முகம்

1839-இல் பாரிசு நகரத்துத் தாகேர் தம்முடைய நிழற்பட முறையை உலகுக்கு அறிவித்தார். அம்முறையில் ஒரு தகட்டில் ஒரே படம்தான். அதிலிருந்து படி எடுக்க இயலாது. எனவே உருவப்படம் வசதி படைத்தோர் பொருளாகவே இருந்தது. 1850-இல் பிரான்சு நாட்டில் முட்டையின் வெண்கரு பூசிய தாள் வந்தது. அடுத்த ஆண்டு, ஆர்ச்சர் என்னும் ஆங்கிலேயர் கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசிப் படமெடுக்கும் முறையை வெளியிட்டார். இவ்விரண்டும் சேர்ந்ததால், ஒரு கண்ணாடித் தகட்டிலிருந்து வேண்டிய அளவு படிகள் எடுக்கலாம் என்ற நிலை ஏற்பட்டது. பின்னாளில் செருமனியின் திரெசுடன் நகரத்தில், இத்தாள் செய்யும் ஆலை ஒன்றில் நாளொன்றுக்கு 60,000 முட்டைகள் உடைக்கப்பட்டன என்பர். முகத்தின் மீது மக்களுக்கு இருந்த வேட்கைக்கு இது ஓர் அளவுகோல்.

1854-இல் பாரிசைச் சேர்ந்த திசுதேரி என்னும் படக்கலைஞர், ஒரே தகட்டில் எட்டு உருவங்களைப் பதிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அவற்றை வெட்டி, ஏறத்தாழ 10 செ.மீ. உயரமும் 6 செ.மீ. அகலமும் உள்ள தடித்த அட்டைகளில் ஒட்டினர். பிறர் இல்லத்துக்குச் செல்வோர் தம் வருகையை அறிவிக்கக் கொடுக்கும் பெயர்ச்சீட்டின் அளவு அது. அதனால் பிரெஞ்சு மொழியில் அதற்கு 'வருகைச் சீட்டு' என்றே பெயர் அமைந்தது.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். வருகைச் சீட்டில் முன்பு இருந்தது பெயர். இப்போது அந்த இடத்தில் முகம் வந்து அமர்ந்தது. தமிழில் நாம் 'முகவரி' என்கிறோம். ஊரும் தெருவும் கதவெண்ணும் குறிக்கும் சொல்லில்கூட நமக்கு முகம் தேவைப்படுகிறது. ஐரோப்பியரின் சீட்டிலோ முகம் வந்தது, பெயர் போயிற்று.

1860-இல் மேயால் என்னும் படக்கலைஞர், விக்டோரியா அரசியின் குடும்பப் படங்களை இவ்வடிவில் வெளியிட்டார். அரசியின் முகத்தைச் சில காசுகளுக்கு வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்றதும் நாடே அதில் மூழ்கியது. மறு ஆண்டின் இறுதியில் அரசியின் கணவர் ஆல்பர்ட் மறைந்தபோது, அவர் உருவச் சீட்டுகள் ஒரு கிழமைக்குள் 70,000 வரை கேட்டு வாங்கப்பட்டன என்று குறிப்பிடுவர்.

இவற்றைச் சேர்த்து வைக்கவே ஆல்பம் பிறந்தது. தோலால் கட்டிய அட்டை, பித்தளைக் கொக்கி, பொன்னிறம் பூசிய விளிம்பு. உள்ளே தடித்த தாள்களில் சாளரம் போல் வெட்டிய திறப்புகள். சீட்டைக் கீழிருந்து செருகினால் முகம் சாளரத்தில் வந்து நிற்கும். முதற்பக்கத்தில் அரசி, அடுத்துப் பெற்றோர், உடன்பிறந்தார், பிறகு நண்பர், இடையே புகழ்பெற்ற புலவரும் நடிகரும். கூடத்து மேசையில் அந்த ஏடு இருக்கும். வந்த விருந்தினர்க்கு வீட்டுப் பெண்மணி ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, இவர் இன்னார் என்று சொல்லிக்கொண்டு போவார்.

அந்த ஏடு அப்பெண்மணியின் வாய்ச்சொல்லையே நம்பி இருந்தது என்பதுதான் முதன்மையானது. சாளரத்தின் அருகே பெயர் எழுத இடம் பெரும்பாலும் இல்லை. சீட்டின் பின்புறத்தில் அழகிய எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது படமெடுத்த நிலையத்தின் பெயர். படத்தில் இருப்பவர் பெயரை யாரேனும் பின்னால் எழுதியிருந்தாலும், ஏட்டில் செருகியபின் அது கண்ணுக்கு மறைந்துவிடும். சொல்லும் வாய் ஓய்ந்ததும் முகங்கள் ஊமையாயின. இன்று உலகின் அருங்காட்சியகங்களிலும் பழம்பொருள் கடைகளிலும் குவிந்திருக்கும் அச்சீட்டுகளில் எண்ணற்றவை, 'பெயர் தெரியாத பெண்', 'பெயர் தெரியாத குழந்தை' என்றே வகைப்படுத்தப்பட்டுள்ளன.

சென்னைக்கு வந்த கருவி

நம் பகுதியின் வரலாற்றில் 1856 குறிப்பிடத்தக்க ஆண்டு. அவ்வாண்டு சூலை 1ஆம் நாள் இராயபுரத்திலிருந்து வாலாசா சாலை வரை தென்னகத்தின் முதல் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. இன்று நீங்கள் வந்திறங்கிய அம்பத்தூர், ஆவடி வழியாகச் செல்லும் பாதை அதுவே. அதே 1856-இல்தான் சென்னை நிழற்படக் கழகமும் தோன்றியது. ஓவியப்பள்ளி நிறுவிய மருத்துவர் அலெக்சாந்தர் அண்டர் அதற்கு முன்னின்றார்.

அரசின் படக்கலைஞராக அமர்த்தப்பட்ட லின்னேயசு திரைப், 1858-இல் மதுரை, தஞ்சை, திருச்சி முதலிய ஊர்களைப் படமெடுத்தார். அவருக்கு உதவியாளராக இருந்தவர் அய்யாசாமி என்னும் தமிழர். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை அவர்கள் பகுதி பகுதியாக எடுத்து ஒட்டிய படம் ஏறத்தாழ 19 அடி நீளம் உடையது. சென்னையில் நிக்கோலசு போன்ற நிறுவனங்கள் உருவப்பட நிலையங்களை நடத்தின. படைவீடு இருந்த பூவிருந்தவல்லி போன்ற ஊர்களில் வாழ்ந்த ஆங்கிலேயர்க்குக் கடிதத்தோடு தாயகம் அனுப்ப ஏற்ற பொருள் அச்சீட்டு.

படமெடுப்பது அந்நாளில் எளிதன்று. தகட்டில் பூசிய மருந்து ஈரம் உலர்வதற்குள் படம் எடுத்து, இருட்டறைக்கு ஓடிக் கழுவ வேண்டும். சென்னை வெயிலில் அந்த ஈரம் எவ்வளவு நேரம் நிற்கும்? அமர்ந்தவர் பல நொடிகள் அசையாதிருக்கக் கழுத்தின் பின்னால் இரும்புத் தாங்கி நிறுத்துவர். அக்காலப் படங்களில் எவரும் சிரிக்காமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். 'போட்டோ பிடித்தால் ஆயுள் குறையும்' என்று நம் பாட்டிமார் அஞ்சியதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

ஆட்சியாளரின் ஏடு

இந்தியாவில் முகம் திரட்டுதல் விரைவில் வேறொரு வடிவம் எடுத்தது. ஆளுநர் தலைவர் கானிங் பெருமகனும் அவர் துணைவியாரும், இந்திய மக்களின் படங்களை நினைவுப்பொருளாகத் திரட்ட விரும்பினர். 1857 எழுச்சிக்குப் பின் அவ்விருப்பம் அரசுத் திட்டமாக வளர்ந்தது. 'இந்திய மக்கள்' என்னும் பெயரில் 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகள் இலண்டனில் வெளிவந்தன. பதிப்பாசிரியர்கள் ஃபோர்ப்சு வாட்சன், சான் வில்லியம் கே. 460-க்கும் மேற்பட்ட படங்கள். பெரும்பாலான படங்களின்கீழ் இருப்பது சாதியின் பெயர், குலத்தின் பெயர், ஊரின் பெயர். மனிதரின் பெயர் அரிது.

1869-இல் இலண்டன் சென்றிருந்த சையது அகமது கான் அந்நூலை இந்திய அலுவலகத்தில் கண்டார். அதைப் புரட்டிக்கொண்டிருந்த அவர் மகனிடம், நீரும் இந்துத்தானத்தவரோ என்று ஓர் ஆங்கில இளைஞர் கேட்க, அவர் முகம் சிவந்து ஆம் என்றதை வருத்தத்தோடு கடிதத்தில் எழுதினார். தம் நாட்டவர் எல்லாரும் ஒரு நூலில் மாதிரிப் பொருளாக நிற்பதைக் கண்ட நாணம் அது.

தமிழகத்திலும் இது தொடர்ந்தது. நீலகிரிப் பழங்குடியினர் பற்றிப் பிரீக்சு எழுதிய நூல், அவர் மறைந்த மறு ஆண்டு, 1873-இல் படங்களோடு வெளிவந்தது. சென்னை அருங்காட்சியகத்தின் தலைவர் எட்கார் தர்சுடன், அரங்காச்சாரியார் துணையுடன் 1909-இல் வெளியிட்ட ஏழு தொகுதிகளிலும் முகங்கள் உண்டு. அவை ஆய்வுக்குப் பயன்படும் நூல்களே, மறுப்பதற்கில்லை. ஆயினும், அந்தப் படத்தில் நிற்கும் தாய்க்கு அவள் பெற்றோர் இட்ட பெயர் என்ன என்று கேட்டால் அந்நூல்கள் விடை கூறுவது அரிது.

கப்பலேறியவரின் ஏடு

மூன்றாவது வகை ஏடு ஒன்று உண்டு. அது நம்மவர் கண்ணீர் தோய்ந்தது.

1834 முதல் மொரிசியசு தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர் கொண்டு செல்லப்பட்டனர். சென்னைத் துறையிலிருந்து கப்பலேறிய தமிழர் பெருந்தொகையினர். 1860-களின் நடுவில் அத்தீவின் அரசு, தோட்டத் தொழிலாளரைப் படமெடுக்கத் தொடங்கியது. 1867ஆம் ஆண்டுச் சட்டம், ஒப்பந்தக் காலம் முடிந்தவர்களும் படம் ஒட்டிய சீட்டை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. சீட்டு இல்லாதவர் நாடோடி எனப் பிடிக்கப்பட்டார். ஐரோப்பாவில் விருந்தினர்க்குக் காட்டிய முகச்சீட்டு, அங்கே காவலர்க்குக் காட்டும் சீட்டாயிற்று.

அரசு பேரேடுகளில் ஒவ்வொருவர்க்கும் ஓர் எண் தரப்பட்டது. அவ்வெண்ணோடு பெயர், தந்தை பெயர், அகவை, சாதி, ஊர், உயரம், உடலில் உள்ள தழும்பு ஆகியவையும் பதியப்பட்டன. அவை இன்று மோக்கா நகரில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் காக்கப்படுகின்றன. தம் மூதாதையர் எவ்வூரினர் என்று தேடி வருவோர் அந்தப் பேரேடுகளையே நாடுகின்றனர். எழுதியவர் காதில் விழுந்தவாறு எழுதியதால் இராமசாமியும் வீராசாமியும் ஆங்கில எழுத்தில் உருமாறிக் குடும்பப் பெயர்களாகவே நின்றுவிட்டனர். ஆயினும் பெயர் இருக்கிறது, முகமும் இருக்கிறது, இரண்டையும் இணைக்கும் எண்ணும் இருக்கிறது.

அன்பர்களே! இங்கேதான் என் நெஞ்சை உறுத்தும் செய்தி இருக்கிறது. அன்பினால் திரட்டிய வீட்டு ஏட்டில் பெயர் இல்லை. அறிவு வேட்கையாலும் ஆட்சி வேட்கையாலும் திரட்டிய நூலில் பெயருக்கு மாற்றாகச் சாதி இருக்கிறது. ஓடிவிடுவார்களோ என்ற ஐயத்தால் திரட்டிய பேரேட்டில் மட்டும் பெயர் முழுமையாக இருக்கிறது. ஐயம் எழுதி வைத்தது. அன்பு எழுதாமல் விட்டது. ஏன்? தான் நேசிப்பவரின் பெயர் மறந்துபோகும் என்று அன்பால் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை.

நம் வீட்டுச் சுவர்

தமிழர் இல்லங்களில் ஆல்பத்தைவிடச் சுவருக்கே முதலிடம். செட்டிநாட்டு வீடுகளின் முகப்பிலும் பட்டாலையிலும் வரிசையாக மாட்டிய படங்களைப் பலரும் கண்டிருப்பீர்கள். மறைந்தவர் படத்துக்குச் சந்தனப் பொட்டும் மாலையும் இட்டு, கீழே 'தோற்றம்', 'மறைவு' என்று நாள் குறிப்பது நம் வழக்கம். இது நல்ல வழக்கம். ஆனால், குடும்பத் தலைவருக்குக் கிடைத்த இந்தச் சிறப்பு, குழுப்படத்தின் ஓரத்தில் நிற்கும் பெண்டிர்க்குக் கிடைப்பதில்லை.

என் மாணவியரிடம் ஒருமுறை, வீட்டில் உள்ள மிகப் பழைய படத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வருமாறு பணித்தேன். நாற்காலியில் அமர்ந்த ஆடவர் பெயரை ஏறக்குறைய எல்லாரும் எழுதினர். பின்னால் நிற்கும் பெண்களைப் பற்றி, 'கொள்ளுத் தாத்தாவின் முதல் மனைவி', 'திண்டிவனத்து அத்தை', 'யாரோ உறவினர்' என்றே குறித்தனர். ஒரு மாணவி மட்டும் தொண்ணூறு அகவைப் பாட்டியைக் கேட்டு ஆறு பெண்களின் பெயரையும் எழுதி வந்தாள். அடுத்த ஆண்டு அந்தப் பாட்டி மறைந்தார். அப்பெயர்கள் இன்று இருப்பது அந்த ஒரு தாளில்தான்.

1892-இல் ஐதராபாத்தில் இலாலா தீன் தயாள், பெண்களுக்கெனத் தனி நிலையம் அமைத்து அதனை ஓர் ஆங்கிலப் பெண்மணியின் பொறுப்பில் விட்டார். முகம் காட்டத் தயங்கிய காலத்திலும், தம் உருவம் நிலைக்க வேண்டும் என்ற விருப்பம் பெண்களுக்கு இருந்தது என்பதற்கு அது சான்று. முகம் நிலைத்தது. பெயர்?

பெயர் காத்த மரபு

நம் முன்னோர் இதில் எப்படி நடந்தனர் என்று பார்ப்போம். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவர் காலத்து நடுகல் ஒன்று உள்ளது. வீரனின் உருவமும் அவனருகே ஒரு நாயின் உருவமும் அதில் உண்டு. வீரன் பெயர் கருந்தேவக்கத்தி. கள்வரை எதிர்த்து நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன். அதையும் கல்லில் எழுதி வைத்தான் தமிழன்! தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்டிரின் பெயர்களும், அவர்கள் வாழ்ந்த தெருவும் மனையும் கல்லில் வரிசையாக உள்ளன. ஆயிரம் ஆண்டுக்கு முந்திய அப்பெண்களின் முகம் நமக்குத் தெரியாது, பெயர் தெரியும். நூறாண்டுக்கு முந்திய நம் பாட்டியரின் முகம் தெரியும், பெயர் தெரியாது.

நூலுக்குச் சிறப்புப் பாயிரம் வேண்டும் என்ற நன்னூலார், அதில் அமைய வேண்டிய எட்டுச் செய்திகளுள் ஆக்கியோன் பெயரையே முதலில் வைத்தார். நமக்கு அருகே பாடியில் உள்ள திருவலிதாயத்தைப் பாடிய ஞானசம்பந்தர், பதிகத்தின் கடைக்காப்பில் தம் பெயரையும் காழி நகரையும் சேர்த்தே பாடினார். படத்துக்கு அடியில் எழுதும் பெயர் என்பது இந்தக் கடைக்காப்புத்தான்.

பெயர் கிடைக்காத இடத்திலும் நம் தொகுப்பாசிரியர்கள் கைவிட்டுவிடவில்லை. குறுந்தொகையில் செம்புலப்பெயல்நீரார், அணிலாடு முன்றிலார். நற்றிணையில் தேய்புரிப் பழங்கயிற்றினார். இயற்பெயர் மறைந்த புலவர்க்கு, அவர் பாட்டில் ஒளிர்ந்த தொடரையே பெயராகச் சூட்டினர். உ.வே.சாமிநாதையர் சிந்தாமணியைப் பதிப்பித்த 1887-உம் புறநானூற்றைப் பதிப்பித்த 1894-உம் ஆல்பங்கள் செழித்திருந்த ஆண்டுகளே. உலகம் முகங்களைச் சேர்த்துப் பெயர்களைத் தொலைத்துக்கொண்டிருந்த காலத்தில், நம் பதிப்பாசிரியர் இராமபாணப் பூச்சி அரித்த ஏடுகளில் பெயர்களைத் தேடிக்கொண்டிருந்தார்.

வள்ளலாரைப் பற்றிய ஒரு செய்தியையும் நினைவுகூரலாம். அவரைப் பலமுறை படமெடுக்க முயன்றும் வெள்ளாடை மட்டுமே பதிந்தது, திருமேனி பதியவில்லை என்று அவர் வரலாறு உரைப்போர் கூறுவர். நம்பிக்கை அவரவர் உரிமை. நாம் இன்று வணங்குவது ஓவியர் வரைந்த உருவையே. ஆனால், இங்குள்ள திருமுல்லைவாயிலைப் பாடியவர் எப்படிப்பட்டவர் என்று அறிய நமக்குப் படம் தேவைப்படவில்லை. பெயரும் பாட்டும் போதுமானவையாக இருக்கின்றன. முகமும் பெயரும் பிரிந்தால், சொல்லோடு நிற்கும் பெயரே நெடுநாள் வாழ்கிறது.

நாம் செய்யத்தக்கது

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், பிரித்தானிய நூலகத்தின் நிதியுதவியோடு தமிழகத்தின் பழைய ஸ்டூடியோக்களைத் தேடிச் சென்று, அழியும் நிலையில் இருந்த உருவப்படங்களை மின்வடிவில் பதிந்துள்ளனர். போற்றத்தக்க பணி. ஆனால் படத்தில் இருப்பவர் யார் என்பதை எந்தக் கருவியும் தானாகச் சொல்லாது; வீட்டார்தாம் சொல்ல வேண்டும். கைப்பேசியில் ஆயிரக்கணக்கில் படம் சேர்க்கும் இக்காலத்தில் இந்தக் கடமை பெருகியிருக்கிறதே ஒழியக் குறையவில்லை.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். ஒன்று: வீட்டில் உள்ள பழைய படங்களை எடுத்து, வீட்டின் மூத்த பெண்மணியின் அருகே அமருங்கள். அவர் சொல்லச் சொல்ல, படத்தின் பின்புறம் மெல்லிய பென்சிலால், அழுத்தாமல், பெயரும் ஊரும் ஆண்டும் எழுதுங்கள். பேனா மை முன்பக்கம் ஊறிவிடும். இரண்டு: 'இன்னார் மனைவி' என்று நிறுத்தாமல் அந்தப் பெண்ணின் பெயரையே கேட்டு எழுதுங்கள். மூன்று: இந்த மலரில் இடம்பெறும் குழுப்படங்களின்கீழ், கவிஞர்களோடு, நாற்காலி போட்டவர், தேநீர் கொணர்ந்தவர், கதவோரம் நின்று கேட்டவர் ஆகிய எல்லார் பெயரையும் இடமிருந்து வலமாக அச்சிடுங்கள். ஒரு பக்கம் கூடுதலாகும், ஆகட்டும்.

கவிஞர்களுக்குத் தனியே ஒரு சொல். பெயர் இனிக் கிடைக்கவே கிடைக்காத முகங்களும் உங்கள் வீட்டில் இருக்கும். அவற்றைத் தூக்கி எறியாதீர்கள். அந்தப் படத்தில் உங்கள் கண்ணில் படும் ஒன்றை, மடியில் கோத்த விரல்களையோ, கழன்று நிற்கும் ஒற்றைத் தண்டையையோ, பற்றிக்கொண்டு ஒரு பாட்டு எழுதுங்கள். செம்புலப்பெயல்நீரார்க்குப் பெயர் தந்த மரபு நம்முடையது. பெயரிழந்த ஒரு பாட்டிக்கு உங்கள் பாட்டின் தொடர் பெயராகட்டும்.